இலையைப் பார்க்காத வங்கி

'கேட்ட ஆவணங்களைக் கேட்டபடி கொடுத்தால் பணம் தருகிறோம்' என்று இறக்குமதியாளரின் வங்கி ஏற்றுமதியாளருக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிதான் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்). இதற்கான பொதுவிதிகளைப் பாரிஸிலுள்ள சர்வதேச வணிகச் சபை 1933-இல் முதலில் வெளியிட்டது. அவற்றின் இப்போது நடப்பிலுள்ள பதிப்பான யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 39 பிரிவுகள் கொண்டது. எந்த நாட்டின் சட்டமும் அல்ல, எல்.சி.யிலேயே குறிப்பிட்டால்தான் கட்டுப்படுத்தும்.

விதிகளின் உயிர்நாடி 5-ஆம் பிரிவு: வங்கி கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. உதாரணமாக, நெல்லைச் சீமையின் நிலாவரை மூலிகை 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் மேல்நாட்டு மருந்துச் சந்தைக்குப் போகிறது. எல்.சி.யில் அந்தச் சரக்கின் 'இலை' என்றிருக்க, இன்வாய்ஸில் 'காய்' என்று தட்டச்சாகிவிட்டால், கன்டெய்னர் நிறைய முதல்தர இலை இருந்தும் பணம் நிற்கும். இன்வாய்ஸிலுள்ள சரக்கு விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது 18-ஆம் பிரிவு. மற்ற ஆவணங்களில் முரணில்லாத பொதுப்பெயர் போதும்.

எல்லாமே இத்தனை கறார் இல்லை. எடைக்கு முன் 'சுமார்' என்றிருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு வேண்டிய சலுகை 20-ஆம் பிரிவில் இருக்கிறது. இங்கிருந்து போகும் கன்டெய்னர்கள் பல கொழும்பில் கப்பல் மாறுகின்றன. எல்.சி. கப்பல் மாற்றத்தைத் தடுத்திருந்தாலும், சரக்கு கன்டெய்னரில் ஏறியதாகக் காட்டி, முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) இருந்தால், வங்கி அதை ஏற்கும். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். சரிபார்க்க வங்கிக்கு 5 வேலைநாள்.

ஆவணத்தை மட்டும் பார்க்கும் அந்த 5-ஆம் பிரிவு விதி வாங்குபவரையும் கடிக்கும். சென்னையின் தாராப்பூர் நிறுவனம் ஃபராக்கா கால்வாய் வேலைக்கு சோவியத் இயந்திரங்களை எல்.சி. மூலம் வாங்கியது. அவை சரியாக வேலை செய்யவில்லை என்று பணத்தைத் தடுக்க வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் இசையவில்லை: இயந்திரத் தகராறு வேறு, வங்கி கொடுத்த வாக்கு வேறு. அப்பட்டமான மோசடி போன்ற அரிதான நிலையில்தான் நீதிமன்றங்கள் தலையிடுகின்றன.

ஆகவே தரத்துக்கு உறுதி வேண்டும் வாங்குபவர், ஆய்வுச் சான்றிதழையும் ஆவணப் பட்டியலில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். எல்.சி. திறந்தபின் அதைச் சேர்க்க 10-ஆம் பிரிவின்படி ஏற்றுமதியாளரின் சம்மதம் தேவை.