தண்டவாளம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை

2017 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஜெர்மனியில் ராஸ்டாட் ஊரை ஒட்டிய நீடர்பூல் பகுதியில் ரயில் தண்டவாளம் திடீரெனத் தொய்ந்து இறங்கியது. ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு ஐந்து மீட்டர்கூட இல்லாத ஆழத்தில், மண்ணை உறையவைத்துப் புதிய சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்த மண் நழுவிவிட்டது. பள்ளம் மேலும் பெரிதாகாமல் இருக்க, குடையும் எந்திரத்தை உள்ளேயே விட்டு கான்கிரீட்டை ஊற்றி மூடினார்கள். பாதை மீண்டும் திறந்தது அக்டோபர் 2-ல்.

ரோட்டர்டாம் துறைமுகத்தையும் இத்தாலியின் ஜெனோவாவையும் இணைக்கும் சரக்குத் தடம் இது. நாளொன்றுக்கு 200 சரக்கு ரயில்கள் வரை ஓடும். ஒரு முழுநீள ரயிலின் சுமையை ஏற்ற ஏறக்குறைய 50 லாரிகள் வேண்டும் என்றால், தினமும் 10,000 லாரிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் எங்கே போவது?

வரைபடத்தைப் பார்த்தால் வழி இருப்பதுபோலத்தான் தெரியும். ரைன் ஆற்றின் மறுகரையில், பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பாசெல் வரை நல்ல ரயில்பாதை இருக்கிறது. ஆனால் ஜெர்மன் ஓட்டுநர் நினைத்தவுடன் அதில் வண்டியை விட்டுவிட முடியாது. கட்டுப்பாட்டு அறை பிரெஞ்சில் பேசும். அவசரத்தில் அதைப் புரிந்து பதில் சொல்லும் அளவுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். எங்கே சிக்னல், எங்கே ஏற்றம் என்று அந்தத் தடம் பழகியிருக்க வேண்டும். ஜெர்மனியில் மின்கம்பியில் 15,000 வோல்ட், அங்கே 25,000. பாதுகாப்புக் கருவியும் வேறு. ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போய்ச் சேரும் இணைப்புப் பாதை ஒன்றில் மின்கம்பியே இல்லை. டீசல் இன்ஜின் தேட வேண்டும். கிழக்கே ஸ்டுட்கார்ட் வழியாகப் போகலாம் என்றால், ஹோர்ப் ஊருக்குத் தெற்கே அப்போது ஒற்றைப் பாதைதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இழப்பீடாக பிரான்ஸ் பெயர்த்துக்கொண்டுபோன இரண்டாவது பாதை அதுவரை திரும்பப் போடப்படவே இல்லை!

கொஞ்சம் சரக்கு படகுகளுக்கும் லாரிகளுக்கும் மாறியது. மிச்சம் யார்டுகளில் தேங்கியது. இழப்பு 200 கோடி யூரோவைத் தாண்டியது என்று, ரயில் சரக்குத் துறைச் சங்கங்கள் மேற்கொண்ட ஆய்வு சொன்னது.

மறு ஆண்டு, கைகொடுத்த ஆறே வற்றியது. 2018 அக்டோபரில் கௌப் என்ற இடத்தில் ரைனின் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. ஆற்றின் ஆழம் அவ்வளவுதான் என்று பொருளல்ல. கப்பல் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நீர் இருந்தது. ஆனாலும் படகுகள் சுமையில் சிறு பங்கையே ஏற்ற முடிந்தது. இதனால் லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பிஏஎஸ்எஃப் ரசாயன ஆலை உற்பத்தியைக் குறைக்க வேண்டிவந்தது.

மாற்றுவழி என்பது வரைபடத்துக் கோடு மட்டும் அல்ல என்பதே என் கருத்து. தடம் பழகிய ஓட்டுநர், இரு மின்சாரத்திலும் ஓடும் இன்ஜின், முன்கூட்டியே போட்ட ஒப்பந்தம் ஆகியவையும் சேர்ந்ததுதான் வழி. இவற்றை விபத்து நடந்த அன்று வாங்க முடியாது. 2018-ல் ஐரோப்பிய ரயில் நிர்வாகங்கள் பொதுக் கையேடு ஒன்றை வகுத்தன: தடை மூன்று நாளுக்கு மேல் நீடித்து, பெரும்பாலான ரயில்களைப் பாதிக்கும் என்றால், யார் யாரை அழைப்பது, எந்தப் பாதையில் திருப்புவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். ஆற்றிலும் முன்னேற்பாடு நடந்தது: கௌபில் அளவுகோல் 30 சென்டிமீட்டருக்கு இறங்கினாலும் 800 டன் சுமந்து செல்லக்கூடிய தட்டையான கப்பல் ஒன்று 2023-ல் பிஏஎஸ்எஃப்புக்காக ரைனில் இறங்கியது.