வைஃபை தனக்காகச் செலவிடும் நேரம்

ஒரு வைஃபை சேனலில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அது முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு பங்கு வீடியோவுக்கோ வாட்ஸ்அப்புக்கோ போவதில்லை. வலையமைப்பு தன்னை நடத்திக்கொள்ளவே அது செலவாகிறது: ரூட்டர் தன் இருப்பை அறிவிப்பது, போன்கள் ரூட்டரைத் தேடுவது, இணைவது, விலகுவது. இவை மேலாண்மைச் செய்திகள். இவை இல்லாமல் வைஃபை இயங்காது. கட்டுப்பாடில்லாமல் பெருகினால் பயன்படுத்துபவருக்கு நேரம் மிஞ்சாது.

இவற்றில் அதிகம் தின்பது பீக்கன் என்னும் அறிவிப்பு. பொதுவாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 முறை, ரூட்டர் தன் பெயரையும் விவரங்களையும் ஒலிபரப்புகிறது. மிகப் பழைய கருவிக்கும் புரிய வேண்டும் என்பதால் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் இது போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 எம்பிபிஎஸ். 300 பைட் பீக்கனை அந்த வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 2.6 மில்லிவிநாடி ஆகும். மொத்த நேரத்தில் 2.5 சதவீதம். கேட்கச் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு நெட்வொர்க் பெயருக்கும் தனி பீக்கன் உண்டு. ஊழியர், மாணவர், விருந்தினர், சிசிடிவி என ஒரே ரூட்டரில் 4 பெயர் வைத்தால் 10 சதவீதம் போய்விடும். அதே சேனலில் அப்படி 3 ரூட்டர் இருந்தால், யாரும் எதையும் பார்க்காத போதே 30 சதவீதம் காலி. கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் சிக்னல் முழுதாகக் காட்டியும் நெட் நகராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது தேடல். இணைப்பில்லாத போன் ஒவ்வொரு சேனலாகப் போய் விசாரிக்கிறது. கேட்ட ஒவ்வொரு ரூட்டரும், ஒவ்வொரு பெயருக்காகவும், பீக்கன் அளவுக்கே நீளமான பதிலைத் தருகிறது. பெயரை மறைத்து வைத்தால் இந்தச் சுமை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். பீக்கன் அப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். அதோடு போன்கள் பெயர் சொல்லித் தேடத் தொடங்குவதால் விசாரிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நெரிசலான இடத்தில் முதலில் செய்ய வேண்டியது பெயர்களைக் குறைப்பது. செலவே இல்லாத வழி இது, ஆனால் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். அடுத்து, 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் ஆகிய பழைய வேகங்களை ரூட்டரில் நிறுத்திவிடலாம். குறைந்த வேகம் 12 எம்பிபிஎஸ் என்று வைத்தால் அதே பீக்கன் 0.22 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். பீக்கன் இடைவெளியை நீட்டவும் முடியும். ஆனால் உறங்கும் போன்கள் தமக்குச் செய்தி வந்திருப்பதை பீக்கனைப் பார்த்தே அறிகின்றன என்பதால் தாமதம் வரும். 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விதிகளே இதற்கேற்ப எழுதப்பட்டன. முழு அலைவரிசையில் 59 சேனல் இருந்தும், கண்மூடித் தேடுவதற்கு 15 மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. பல பெயர்களை ஒரே பீக்கனில் அறிவிக்கவும் வழி இருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் போன்ற ஊர்ப்புறத்துக்கு இந்த மருந்தை அப்படியே கொடுக்கக் கூடாது. குறைந்த வேகங்களை நிறுத்தினால் சிக்னல் எட்டும் தூரம் சுருங்கும். தள்ளியிருக்கும் வீடு இணைப்பையே இழக்கும். மலையோரத்தில் ரூட்டர்கள் நெருங்கி இல்லாததால் பீக்கன் சுமையும் பெரிதல்ல. அங்கே நேரத்தை விழுங்குவது தூரம்.

இதைத் தமிழ்நாட்டில் நேரில் எதிர்கொண்டது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு வைஃபை வழியே இணைத்தது. நோயாளி தன் ஊர் மையத்திலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேச வேண்டும் என்பது நோக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இதில் துணைநின்றனர். சில இணைப்புகளின் தூரம் 15 கிலோமீட்டர் வரை போனது.

வீட்டுக்குள் இயங்கப் பிறந்த வைஃபை அங்கே தடுமாறியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வர வேண்டும். 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோவிநாடி, ஒப்புகை திரும்ப இன்னொரு 50. ரூட்டர் அவ்வளவு பொறுக்காவிட்டால், போய்ச் சேர்ந்த பொட்டலத்தையே திரும்ப அனுப்பும். பொறுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் சும்மா காத்திருக்கும். இரு முனையும் ஒன்றையொன்று கேட்காமலே பேசத் தொடங்கி மோதிக்கொள்வதும் உண்டு.

ஆய்வாளர்கள் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘வைல்டுநெட்’ முறை இந்தப் பழக்கங்களை மாற்றியது. பொட்டலத்துக்கு ஒன்றாக இருந்த ஒப்புகை, மொத்தத்துக்கும் சேர்த்து ஒன்றானது. பேசும் முறை கடிகாரக் கணக்கில் வகுக்கப்பட்டது. ஒரே கோபுரத்தில் உள்ள ரேடியோக்கள் எல்லாம் சேர்ந்து அனுப்பும், பிறகு சேர்ந்து கேட்கும். ஆண்டெனாவையோ ரேடியோவையோ மாற்றாமல், மென்பொருளில் செய்த இந்த மாற்றங்களாலேயே, வழக்கமான வைஃபை எட்டிய அதிகபட்ச அளவைவிட 2 முதல் 5 மடங்குத் தரவு போனது.