வீட்டுத் தானியங்கி அமைப்பு: கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றுவதிலுள்ள சிக்கல்கள்

வீடு ஒன்றின் மின்கம்பிகள் ஒரு தலைமுறைக் காலம் நிலைத்து நிற்கின்றன. சுவரில் பதித்த சுவிட்சுகளும் பல ஆண்டுகள் உழைக்கின்றன. ஆனால் விளக்குகள், நீரேற்றும் மோட்டார், வாயிற்கதவு ஆகியவற்றை ஒருங்கிணைத்து இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி பல வீடுகளில் பத்தாண்டைக்கூட எட்டுவதில்லை. கருவி தேய்ந்து பழுதாவது மட்டும் இதற்குக் காரணம் அன்று. தயாரித்த நிறுவனம் பழைய மாதிரிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திவிடுகிறது. சில வேளைகளில் நிறுவனமே மூடப்படுகிறது. நீண்ட ஆயுளுடைய உறுப்புகளைக் குறுகிய ஆயுளுடைய ஓர் உறுப்பு ஆள்வதே இவ்வமைப்பின் அடிப்படைப் பொருளாதாரச் சிக்கல் எனலாம்.

இச்சிக்கலை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் ஏற்ற இடமாகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மக்களில் 60 வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காட்டினர், இது மாநிலங்களுள் மிக உயர்ந்த அளவு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் பணியாற்ற, பெற்றோர் மட்டும் ஊரில் வாழும் வீடுகள் இங்கு ஏராளம். கிணற்று மோட்டாரையும் வாயில் விளக்கையும் தொலைவிலிருந்தே கவனிக்கும் வசதி அத்தகைய வீடுகளுக்கு ஆடம்பரம் அன்று. மற்றொரு காரணமும் உண்டு. இத்தகைய கருவிகளுக்கு உயிர்நாடியான நுண்கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றை உள்நாட்டிலேயே வடிவமைத்திருப்பது இந்நகரிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் மையமே.

முகவரி எங்கே இருக்கிறது?

கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றுவது எளிதா, கடினமா என்பதை ஒரே ஒரு கேள்வி முடிவு செய்கிறது. ஒவ்வொரு விளக்கின் முகவரியும் எங்கே எழுதிவைக்கப்பட்டுள்ளது என்பதே அக்கேள்வி.

வீட்டுத் தானியக்கத்தில் பரவலாகப் பயன்பட்ட முதல் முறை எக்ஸ்-10 என்பதாகும். ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் நகரிலிருந்த பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் இதனை உருவாக்கியது. மின்கம்பி வழியாகவே குறிப்புகள் சென்றன. ஒவ்வொரு கருவியிலும் இரு திருகுகள் இருந்தன. ஒன்றில் 16 வீட்டுக் குறிகள், மற்றொன்றில் 16 எண்கள், ஆக மொத்தம் 256 முகவரிகள். முகவரி அந்தந்தக் கருவியிலேயே திருகி வைக்கப்பட்டிருந்தமையால், கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் வேறொன்றை வாங்கி மாட்டினால் போதும். அதே கணம் வீடு அதற்குக் கட்டுப்பட்டது. ஆனால் அண்டை வீட்டாரின் கருவிக்கும் அது அவ்வாறே கட்டுப்படக்கூடும். பூட்டில்லாத வீட்டிற்குச் சாவி தொலையும் கவலை இல்லை!

பின்னர் வந்த கம்பியில்லா முறைகள் இக்குறையை நீக்கின. ஜிக்பீ முறையில் 128 பிட் நீளமுள்ள மறைகுறி ஒன்று வலையமைப்பு முழுவதற்கும் பொதுவாக உள்ளது. அதனைப் புதிய கருவிகளுக்கு வழங்கும் பொறுப்பு ‘ஒருங்கிணைப்பான்’ எனப்படும் மையக் கருவியிடம் இருக்கிறது. இசட்-வேவ் முறையில் வீட்டிற்கென 32 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. அதன்கீழ் 232 கருவிகள் வரை இணையலாம். இவ்விரு முறைகளிலும் முகவரியும் சாவியும் சுவரிலிருந்து மையக் கருவிக்கு இடம் பெயர்ந்துவிட்டன. பாதுகாப்பு உயர்ந்தது, மாற்றுச் செலவும் கூடவே உயர்ந்தது.

அச்செலவு பெரும்பாலும் உழைப்பாகவே அமைகிறது. இசட்-வேவ் கருவி ஒன்றைப் பழைய வலையமைப்பிலிருந்து நீக்கிய பிறகே புதியதில் சேர்க்க முடியும். ஒவ்வொரு சுவிட்சின் அருகிலும் சென்று பொத்தானை அழுத்தவேண்டும். நாற்பது இணைப்புகள் உள்ள வீட்டில் இது ஒரு நாள் வேலை. மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் கருவிகள் மற்றவற்றின் செய்திகளை வாங்கி அனுப்பும் அஞ்சல் நிலையங்களாகவும் செயற்படுகின்றன. மின்கலத்தில் இயங்குபவை அவ்வாறு செய்வதில்லை. எனவே மையத்திற்கு அருகிலுள்ள மின்னிணைப்புக் கருவிகளை முதலிலும், வாயிற்புறத்து மின்கல உணரிகளை இறுதியிலும் மாற்றுவதே முறை. இடைப்பட்ட நேரத்தில் தொலைவிலுள்ள சில கருவிகள் எந்த வலையமைப்பிலும் சேராமல் நிற்கும் என்பதை எதிர்பார்த்தே பகல் நேரத்தில் பணியைத் தொடங்கவேண்டும்.

ஜிக்பீயில் குறுக்குவழி ஒன்று உண்டு. பழைய ஒருங்கிணைப்பானின் மறைகுறியையும் வலையமைப்பு எண்ணையும் படியெடுத்துப் புதியதில் ஏற்றிவிட்டால், கருவிகள் மாற்றத்தை உணராமலே தொடர்ந்து இயங்கும். இங்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலுவலகக் கடிதங்களுக்கு அனுப்புகை எண் இடுவதுபோல் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் இடப்படுகிறது. 4,000-ஆம் எண் கடிதத்தைப் பெற்ற அலுவலகம், அடுத்து 40-ஆம் எண்ணில் ஒன்று வந்தால் ஐயுறும் அன்றோ? கருவிகளும் அவ்வாறே, முன்பு கேட்ட எண்ணைவிடக் குறைந்த எண்ணுடன் வரும் கட்டளையை ஏற்க மறுக்கின்றன. பழைய செய்தியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பும் திருடனைத் தடுக்கும் ஏற்பாடு இது. ஆகவே புதிய ஒருங்கிணைப்பானின் எண்ணைப் பழையதைக் காட்டிலும் உயர்த்தி வைத்தல் இன்றியமையாதது. இதனை மறந்தால், சாவி சரியாக இருந்தும் கதவு திறவாது.

இவ்வாறு எடுத்த படியைக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே வைத்திருப்பதில் பயனில்லை. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், துலா மழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. மின்னலுக்கு இரையான கருவியுடன் அதன் நினைவகமும் அழிந்துபோகிறது. வீட்டார் திட்டமிடாத நாளில் நிகழும் கருவி மாற்றங்கள் பல இத்தகையவையே.

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தால்?

விடுமுறையில் ஊர் திரும்பும் மகன் புதிய கட்டுப்பாட்டுக் கருவியைக் கையோடு கொண்டுவருவது இயல்பு. பெயரும் சின்னமும் ஒன்றாக இருந்தும் அது பழைய சுவிட்சுகளுடன் பேசாமல் போகலாம். இசட்-வேவ் முறைக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஐரோப்பாவிலும் 868.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பயன்படுகிறது, அமெரிக்காவில் 908.42, இந்தியாவில் 865.2. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை 2005-இல் உரிமம் தேவைப்படாத பயன்பாட்டிற்குத் திறந்துவிடப்பட்டு, 2021-இல் 868 வரை விரிவாக்கப்பட்டது. எனவே அமீரகத்துக் கருவி இங்கு இயங்காது என்பதோடு, அதன் அதிர்வெண் நம் நாட்டு விதிகளுக்கும் புறம்பானது. ஜிக்பீக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. உலகெங்கும் பொதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அது இயங்குகிறது.

நிறுவனம் மறைந்தால்

சாவி வீட்டிலும் இல்லாமல், அயல்நாட்டுக் கணிப்பொறியில் இருக்கும் அமைப்புகளும் உண்டு. ரிவால்வ் என்னும் மையக் கருவியை விற்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதத்தில் அதன் சேவையை முடிவுக்குக் கொண்டுவந்தது. நல்ல நிலையிலிருந்த கருவிகளும் அன்றோடு பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவை முன்னறிவிப்பின்றி நின்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பயனாளர் குழு ஒன்றே அந்நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயங்கச் செய்தது. எல்லா நாட்டுப் பயனாளர்க்கும் அத்தகைய வாய்ப்பு அமையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ தரநிலை இக்குறையைத் தீர்க்க முயல்கிறது. முன்னர் ஜிக்பீ கூட்டமைப்பு என அறியப்பட்ட அமைப்பே இதனை வெளியிட்டது. இதன்படி ஒரே கருவி குறைந்தது ஐந்து தனித்தனி நிர்வாகங்களின்கீழ் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பழைய கட்டுப்பாட்டுக் கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதை இரண்டாம் நிர்வாகியாகச் சேர்த்து, சோதித்துப் பார்த்து, பின்னர் பழையதை விலக்கலாம். முன்னைய முறைகளில் இல்லாத வசதி இது. எனினும் ஏற்கெனவே சுவரில் இருக்கும் பழைய கருவிகள் தாமாகவே மேட்டருக்கு மாறிவிடுவதில்லை.

திருவனந்தபுரத்துச் சில்லு

1973-இல் கெல்ட்ரான் தொடங்கப்பட்டதிலிருந்து திருவனந்தபுரத்தில் மின்னணு ஆராய்ச்சி மரபு ஒன்று வளர்ந்துவந்துள்ளது. வெள்ளையம்பலத்தில் அமைந்த மின்னணு ஆராய்ச்சி வளர்ச்சி மையம் பின்னாளில் சி-டாக்குடன் இணைக்கப்பட்டது. அம்மையம் உருவாக்கிய ‘வேகா’ நுண்செயலிகளின் வரிசையில் சிறியதை அடிப்படையாகக் கொண்டது தேஜஸ்-32 என்னும் சில்லு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அது பின்பற்றுகிறது. இத்தொகுதி திறந்தநிலையில் உள்ளதால் அயல்நாட்டு நிறுவனத்திற்கு உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகளும் இதே வழியைச் சார்ந்தவை. 2022 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த ரிஸ்க்-ஃபைவ் திட்டம் இம்முயற்சிகளை ஒருங்கிணைக்கிறது.

பொறியியல் மாணவர் பலர் ஆர்டுயினோ ஊனோ பலகையைக் கொண்டு வீட்டுத் தானியக்கத்தைப் பயில்கின்றனர். அதன் சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் செயல் நினைவகமும் உடையது. தேஜஸ்-32 பொருத்திய ஏரீஸ் பலகைக்கு மாறினால் 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் கிடைக்கின்றன. ஆர்டுயினோ முறையில் எழுதிய நிரல்களைப் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். இடர்ப்பாடு வேறிடத்தில் எழுகிறது. பழைய பலகை 5 வோல்ட்டில் இயங்குவது, புதியது 3.3 வோல்ட்டில். மலிவாகக் கிடைக்கும் ரிலே பலகைகள் பல 5 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. இடையில் மின்னழுத்த மாற்றி தேவைப்படும். மின்தடைக்குப் பிறகு பலகை விழித்தெழும் கணத்தில் ரிலே தானாக மூடிக்கொண்டு மோட்டாரை ஓட்டிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சில்லு உள்நாட்டில் வடிவமைக்கப்பட்டதாக இருப்பது பெரும்பயன் உடையதே. ஆயினும் மறைகுறி விற்பனையாளரிடமே இருக்குமானால், சில்லு எந்நாட்டினதாயினும் வீட்டார் அவ்விற்பனையாளருக்குக் கட்டுப்பட்டவராகவே இருப்பர்.

விதிகளைப் பெயர்த்தல்

எந்த முறையிலும் தானாக இடம் பெயராத ஒன்று உண்டு. அது வீட்டார் காலப்போக்கில் எழுதிச் சேர்த்த விதிகள். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் மோட்டாரை இயக்கு. கிணற்றில் நீர் தாழ்ந்தால் நிறுத்து. உச்சநேரமான மாலை 6 மணி முதல் 10 மணி வரை இயக்காதே. மின்தடையின்போது இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடலாகாது. இவற்றில் சில, கோடையில் ஒருமுறை மோட்டார் புகைந்த பின்னர் சேர்க்கப்பட்டிருக்கும். எழுதியவர் இப்போது வேறு நாட்டில் இருப்பார். ஏன் எழுதப்பட்டது என்பது எங்கும் பதிவாகியிராது. கருவியை மாற்றுமுன் ஒவ்வொரு விதியையும் அதன் காரணத்தோடு தாளில் எழுதிக்கொள்வது, எந்த மென்பொருளைக் காட்டிலும் பயன் தரும். மோட்டாருக்கும் வாயில் விளக்கிற்கும் கையால் இயக்கும் சுவிட்சுகள் தனியே இருத்தலும் வேண்டும். புதிய கருவி நிலைபெறும் வரை மூதாட்டி ஒருவர் நீரின்றி இருக்க நேர்வதை வேறு எதுவும் தடுக்காது.

அரசு விருந்தினர் இல்லங்கள், மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றிலும் இவ்வமைப்புகள் நிறுவப்பட்டு வருகின்றன. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் விலையும் உத்தரவாதக் காலமும் விரிவாக இடம்பெறுகின்றன. மறைகுறி, முகவரிப் பட்டியல், விதிகள் மூன்றையும் பொதுவான வடிவில் நிறுவனம் ஒப்படைக்கவேண்டும் என்ற ஒரு வரியும் அவற்றில் இருத்தல் வேண்டும். தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தவிர்க்கவும் மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் அறிவுறுத்துகிறது. விலகிச்செல்லும் உரிமையைக் கொள்முதல் அலுவலரே கேட்டுப் பெறவேண்டியுள்ளது.

கழற்றப்பட்ட பழைய கருவியில் வீட்டின் வைஃபை கடவுச்சொல்லும் மறைகுறியும் இன்னும் இருக்கின்றன. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து அவற்றை அழித்த பின்னரே, மின்னணுக் கழிவாக ஒப்படைக்கவேண்டும். கேரளத்தில் கிளீன் கேரளா நிறுவனம் உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக இக்கழிவுகளைப் பெற்றுக்கொள்கிறது.