மண்ணில் கிடைக்கும் படைத் தகடுகள்: காலம் அறிவது எவ்வாறு?

மறுநடவுக்காக நிலத்தைப் புரட்டும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ பச்சைக் களிம்பேறிய பித்தளைத் தகடு ஒன்று அகப்படலாம். அதனைப் பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் உற்று நோக்குதல் நலம். அது முற்காலப் படைவீரர் ஒருவரின் கச்சைத் தகடாக இருத்தல் கூடும்.

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொணர்ந்தார். 1800-இல் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையும் கம்பெனி வசமாயிற்று. பின்னாளில் மதராஸ் காலாட்படையினர் பினாங்கில் காவல் புரிந்தனர். ரப்பர் நாற்றுகள் மலாயாவுக்கு வந்தது 1877-இல்தான். அதற்கு முன்னரே நம்மவர் இம்மண்ணில் நடமாடினர் என்பதற்கு இத்தகடுகளும் சான்றாகலாம்.

தகட்டின் காலத்தை அறிய மூன்று அடையாளங்களை நோக்க வேண்டும்.

முதலாவது, வடிவம். அக்கால வீரர்கள் மார்பின் குறுக்கே இரண்டு தோல் வார்களை அணிந்தனர். அவை கூடுமிடத்தில் தகடு அமைந்தது. முட்டை வடிவத் தகடுகள் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும், நீள்சதுரத் தகடுகள் அதற்குப் பிற்பட்ட காலத்திற்கும் உரியன. 1855-ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் படையின் உடை மாறியபோது மார்புத் தகடு வழக்கொழிந்தது. இடைக்கச்சைக் கொளுவி நிலைத்தது.

இரண்டாவது, சின்னம். கிரீடத்தைக் கையிலேந்தி நிற்கும் சிங்கம் கம்பெனியின் சின்னமாகும். கம்பெனி ஆட்சி 1858-இல் முடிவுற்றது. ஆதலின் அச்சின்னமுள்ள தகடு அதற்கு முற்பட்டதெனக் கருதலாம். 'வி.ஆர்.' என்னும் ஆங்கில எழுத்துகள் விக்டோரியா அரசியார் காலத்தைக் (1837–1901) குறிக்கும்.

மூன்றாவது, எண். இது படைப்பிரிவின் எண்ணாகும். ஆயினும் வங்காளம், பம்பாய், மதராஸ் படைகளில் ஒரே எண்ணுடைய பிரிவுகள் இருந்தமையால், எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

கிடைத்த தகட்டைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தல் கூடாது. களிம்போடு எழுத்தும் தேய்ந்து போகும். மண்ணை மெல்லத் தட்டி, உலர்ந்த துணியில் பொதிந்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். இடம் அறியாத தகடு, பெயர் அறியாத கல்லறை போன்றது.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபுச் சிறப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் உடனே மாவட்ட அதிகாரிக்கேனும் மரபுடைமை அதிகாரிகளுக்கேனும் தெரிவித்தல் கடமையாகும். உலோகங்காட்டும் கருவியுடன் தொல்பொருள் தேடி நிலத்தை அகழ விரும்புவோர் முதலில் உரிமம் பெற வேண்டும். வெடிகுண்டு போன்ற பொருள் தென்பட்டால் தொடாது விலகிக் காவல் நிலையத்திற்கு அறிவித்திடுக.

எடைக்குப் போட்டால் கிடைப்பது சில வெள்ளி. பேணிக் கொடுத்தால் நிலைப்பது நம் வரலாறு.