நம்பிக்கை என்றொரு பிள்ளை

ஃபின்லாந்தில் ஆண் குழந்தைக்கு ஒன்னி என்று பெயர் வைப்பார்கள். அதிர்ஷ்டம், மகிழ்ச்சி என்று பொருள். தொய்வோ என்றால் நம்பிக்கை. அர்வோ என்றால் மதிப்பு. அர்மஸ் என்றால் அன்புக்குரியவன். உர்ஹோ என்றால் வீரன். 1956 முதல் 1982 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த கெக்கோனனின் பெயர் அது. எல்லாமே மொழியில் வழங்கும் சொற்கள். ஆனால் இவை பெருமளவில் பெயர்ப் பட்டியலுக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான்.

அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அங்கே புனிதர்களின் பெயர்களே கோலோச்சின. சுவீடன் வழியாகக் கிறித்தவம் வந்தபோது பழம்பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. வந்த பெயர்களை ஃபின்னிஷ் மொழி அப்படியே ஏற்கவில்லை. அதன் பழைய சொற்களில் இரண்டு மெய்கள் சேர்ந்து முதலில் வருவதில்லை. ‘ஃப’ போன்ற ஒலிகளும் அதற்கு அந்நியம். அதனால் ஸ்டெஃபான் என்ற பெயர் முதல் மெய்யை உதிர்த்து, ‘ஃப’வைப் ‘ப’வாக்கித் தப்பனி ஆனது. புனித ஸ்டீபனின் திருநாளான டிசம்பர் 26 அங்கே இன்றும் தப்பனியின் நாள்தான். கிறிஸ்டோஃபர் ரிஸ்தோ ஆனார். டேனியல் தனெலி ஆனார். நம் பேச்சில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவதும் இதே காரணத்தால்தான். நாம் முன்னால் ஓர் உயிரைச் சேர்க்கிறோம். அவர்கள் மெய்யைக் கழற்றிவிடுகிறார்கள். யோஹன்னஸ் என்ற ஒரே பெயரிலிருந்து யுஹனி, யுஹோ, யுஸ்ஸி, ஹன்னு எனப் பல பெயர்கள் கிளைத்தன.

வாயில் இப்படி மாறிய பெயர்கள் ஏட்டில் மாறவில்லை. 1809 வரை ஃபின்லாந்து சுவீடனின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் ஹெய்க்கி என்று அழைக்கப்பட்டவன் தேவாலயப் பதிவேட்டில் ஹென்ரிக்; லவ்ரி அங்கே லார்ஸ். தாய் அழைத்த பெயர் எழுத்தில் ஏறாமலே எத்தனையோ தலைமுறைகள் வாழ்ந்து மறைந்தன.

இந்நிலையை மாற்றியதில் ஒரு காவியத்துக்குப் பெரும் பங்குண்டு. மருத்துவரான எலியாஸ் லொன்ரொத் ஊர் ஊராகச் சென்று வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி, 1835இல் ‘கலேவலா’வை வெளியிட்டார். 1849இல் அது 22,795 அடிகளாக விரிந்தது. எழுத்துலகில் சுவீடிஷே ஆண்ட காலத்தில், தங்கள் மொழிக்கும் ஒரு பெருங்காவியம் உண்டு என்று மக்கள் கண்டார்கள். அதன் மாந்தர்கள் பிள்ளைகளின் பெயர்களில் குடியேறினார்கள். வான்கவிகையை வடித்த கொல்லன் இல்மரினனிடமிருந்து இல்மரி வந்தது. ‘இல்மா’ என்றால் காற்று. முதுபாடகன் வைனாமொய்னனின் பெயர் வைனோ எனச் சுருங்கியது. காட்டுத் தெய்வம் தப்பியோவும் ஆண்பிள்ளையின் பெயரானது. ஒத்ஸோ என்பது கரடிக்கு வழங்கிய புகழ்ப்பெயர். கரடியின் உண்மைப் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய வேட்டைக்காரர்கள் இப்படிப்பட்ட மாற்றுப்பெயர்களால் அதைக் குறித்தார்கள். இன்று அந்தப் பெயரில் சிறுவர்கள் வளர்கிறார்கள்.

காவியத்தைத் தொடர்ந்து அகராதிச் சொற்களும் பெயர்களாயின. 1906 மே 12, ஃபின்னிஷ் மொழிக்காக வாதாடிய சிந்தனையாளர் ஸ்னெல்மனின் நூற்றாண்டு நாள். அதையொட்டிப் பல்லாயிரம் பேர் தங்கள் சுவீடிஷ் குடும்பப்பெயரைக் கைவிட்டு ஃபின்னிஷ் பெயரைச் சூடினார்கள். 1917இல் நாடு விடுதலை பெற்றபோது, தொய்வோக்களும் ஒன்னிகளும் ஏற்கெனவே பிறந்திருந்தார்கள்.

சொல்லே பெயராகும்போது எது பெயர், எது சொல் என்ற குழப்பம் வராதா? சில பெயர்களில் இலக்கணம் கைகொடுக்கிறது. அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் ‘ஒன்னி’ உடைமை வேற்றுமையில் ‘ஒன்னென்’ ஆகும். ஒன்னி என்ற சிறுவனுடையது என்றால் ‘ஒன்னின்’. பொதுச்சொல் பழைய வழியில் திரிகிறது. பெயரோ தன் வடிவம் குலையாமல் உருபை ஏற்கிறது. கேட்பவருக்கு அந்த ஓர் உயிரொலியே போதும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவை தாத்தாக்களின் பெயர்களாகி மங்கின. இப்போது வைனோ, ஒன்னி, தொய்வோ எல்லாம் மீண்டும் தொட்டிலுக்கு வந்துவிட்டன. பெற்றோரின் பெயர் பழகிச் சலித்துப்போனாலும் கொள்ளுப்பாட்டனின் பெயர் புதிதாக ஒலிக்கிறது. பனிப்பொழிவைக் குறிக்கும் ப்யுரு போன்ற இயற்கைப் பெயர்களும் அவற்றோடு சேர்ந்திருக்கின்றன. 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒருவருக்கு நான்கு முதற்பெயர்கள் வரை வைக்கலாம். ஆக, பாட்டனின் பெயருக்கும் புதுப் பெயருக்கும் இடமுண்டு.

இந்தப் பெயர்களின் ஊற்றைத் தமிழிலேயே காண வழியிருக்கிறது. உதயணன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். சிவலிங்கத்தின் தமிழாக்கத்தில் ‘கலேவலா’ 1994இல் நூலாக வெளிவந்தது. இல்மரியும் வைனோவும் யாரென்று அறிய விரும்புவோர் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.