ஒட்டக முடியில் நெய்யும் விரிப்பு

பருத்தி நூல் இல்லை. பட்டு நூலும் இல்லை. வெள்ளாட்டு முடியும், ஒட்டக முடியும்தான் இந்த விரிப்புக்கு நூல்! குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் இதற்கு 'கராட்' என்று பெயர். பார்வைக்கு நம் ஊர் ஜமக்காளம் மாதிரி இருக்கும். தொட்டால் சொரசொரக்கும். ஆனால் பேரன் காலம் வரை உழைக்கும்.

கறுப்பு, பழுப்பு, வெள்ளை எல்லாம் ஆடும் ஒட்டகமும் கொடுத்த நிறங்கள். சாயம் போகுமோ என்ற கவலை இல்லை.

தானியமே கூலி

கால்நடை மேய்க்கும் ரபாரி, ஜாட் இனத்தார் முடியைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். மார்வாடா நெசவாளிகள் அதில் விரிப்பும், ஒட்டகத்தின் முதுகில் தொங்கவிடும் பையும் நெய்து தருவார்கள். கூலி பெரும்பாலும் தானியம்தான்.

தறி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தரையில் முளை அடித்துப் பாவு கட்டினால் தறி. பிடுங்கினால் மூட்டை! மேய்ப்பவர் போகும் இடத்துக்கு நெசவாளியும் போகலாம்.

அறுந்த உறவு

1947-ல் நாடு பிரிந்தபோது சிந்துப் பகுதியோடு இருந்த தொடர்பு அறுந்தது. 1960-களில் வனத்துறை பன்னி புல்வெளியில் சீமைக் கருவேலத்தை நட்டது. ராமநாதபுரத்தைப் பாடாய்ப் படுத்துகிறதே, அதே முள்தான். மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஒட்டகமும் குறைந்தது. மலிவான மில் விரிப்புகள் சந்தைக்கு வந்தன. மேய்ப்பவர் கை விட்டதும் நெசவாளி கையும் ஓய்ந்தது.

இன்று கராட் நெய்யத் தெரிந்த குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பூஜ் நகருக்கு அருகே குக்மா கிராமத்தில் இன்னும் நெய்கிறார்கள். வாங்குவோர் மேய்ப்பவர்கள் அல்ல, பெருநகரவாசிகளும் வெளிநாட்டினரும்தான். ஒட்டகத்தோடு பாலைவனத்தில் அலைந்த விரிப்பு, அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.