ராசம்மா என்ற ருக்மணி தேவி

மட்டக்குளியில் எங்கள் தையல் வகுப்பு நடக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வயதான ஒரு சிங்கள அம்மா இருக்கிறார். பின்னேரங்களில் அவருடைய வானொலியில் பழைய சிங்களப் பாடல்கள் போகும். அன்று ஒரு பெண்குரல் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் காது கொடுத்தோம்.

"ஆர் மிஸ் இது? நல்ல குரல்" என்று கேட்டார் கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா.

"ருக்மணி தேவி. சிங்கள சினிமாவின் முதல் கதாநாயகி. பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்" என்றேன்.

"ராசம்மாவோ?" அந்த அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் வியந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகள் நன்றாகப் பாடுவாள். ஒரு கலைவிழாவில் சிங்களப் பாடல் ஒன்றைப் பாட வரும்படி அவளைக் கேட்டிருந்தார்கள். தாய் சம்மதிக்கவில்லை. "பிள்ளை பாடட்டும் எண்டு எனக்கும் ஆசைதான் மிஸ். ஆனா எங்கட சனம் என்ன சொல்லும்? மற்றப் பக்கத்து ஆக்கள் எங்கட பேரைக் கேட்டால் எப்பிடிப் பாப்பினம்?" என்று அவர் முதல் வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் பெயர் சொல்லவே பயந்து வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சிறிய கேள்வி அல்ல. அதனால்தான் அன்று வகுப்பில் ருக்மணி தேவியின் கதையைக் கதைத்தோம்.

மலைநாட்டில் பிறந்த பிள்ளை

ருக்மணி தேவி 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் ரம்பொடையில் பிறந்தார். குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காக வந்து கொழும்பில் நிலைத்துவிட்டவர்களின் வழி வந்த சமூகம் அது. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி பக்கங்களில் இன்றும் அவர்களைக் காணலாம். காலப்போக்கில் அவர்களில் பலர் ஆங்கிலமும் சிங்களமும் பேசுபவர்களாக மாறினார்கள். இன்று தங்களைத் தனியான ஓர் இனமாகவே அடையாளப்படுத்துகிறார்கள்.

குடும்பம் கொழும்புக்கு வந்தபின் டெய்சி சிறு வயதிலேயே மேடை ஏறினார். ராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தபோது அவர் இன்னும் சிறுமி. 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு இசைத்தட்டில் பாடினார். அது புத்தகயாவைப் போற்றும் பௌத்த பக்திப் பாடல். செட்டி வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளை பாடிய அந்தப் பாடல் சிங்கள வீடுகளில் ஒலித்தது.

நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் நடிப்பதா என்று ஊர் வாய் கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில்தான் அவர் நீர்கொழும்பில் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருடைய தம்பியான நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்னவை, வீட்டாரின் விருப்பத்தை மீறித் திருமணம் செய்தார். தொழிலையும் துணையையும் தானே தெரிவு செய்த பெண் அவர்.

மதுரையில் பிறந்த சிங்களப் படம்

மினர்வா குழுவின் "கடவுனு பொரொந்துவ" என்ற நாடகம் படமாகியது. "முறிந்த வாக்குறுதி" என்பது அதன் பொருள். முதல் சிங்களப் பேசும் படம் இதுதான். ஆனால் அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. அன்றிலிருந்து ருக்மணி தேவி நாடறிந்த நட்சத்திரம். நடித்துக்கொண்டே தன் பாடல்களைத் தானே பாடினார். ஏறக்குறைய நூறு படங்களில் நடித்தார்.

அவரோடு பல பாடல்களைச் சேர்ந்து பாடிய மொஹிதீன் பேக் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம். சிங்களப் படங்களுக்கு இனிய இசை தந்த ஆர். முத்துசாமி நாகர்கோவில்காரர். சிங்கள சினிமாவின் அத்திவாரத்தில் இத்தனை தமிழ்க் கைகளும் முஸ்லிம் கைகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் இதைப் பார்க்கிறோமா?

பெயர் போனது எங்கே?

"அப்ப தமிழெண்டதை ஒளிச்சுத்தானே மிஸ் வாழ்ந்தவ?" என்று அந்த அக்கா கேட்டார்.

அப்படிச் சொல்ல முடியாது. ருக்மணி தேவி என்பது சிங்களப் பெயரே அல்ல. அந்தக் காலத்தில் இந்தியச் சாயல் கொண்ட பெயர்கள் மேடைக்கு மவுசு தந்தன. டெய்சியும் ராசம்மாவும் அதற்குள் மறைந்து போனார்கள். அவரை நேசித்த சனங்கள் அவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கவில்லை. அது உண்மை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958இலும் 1977இலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டுகளிலும் அவருடைய பாடல்கள் வானொலியில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. 1983 ஜூலையில் தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அது இருந்த ஹெந்தளை எங்கள் மட்டக்குளியிலிருந்து களனி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். சிங்களப் படங்களை எடுத்த தமிழ் இயக்குநர் கே. வெங்கட் அந்த ஜூலையில்தான் கொல்லப்பட்டார். அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து அழுத, சிரித்த நாடுதான் அது.

ருக்மணி தேவி அதைப் பார்க்க உயிரோடு இருக்கவில்லை. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் இறந்தார். அப்போது வயது 55. முதல் கதாநாயகி என்ற பெயர் பெற்றபின்பும், ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் பெருந்திரளான சனங்கள் வந்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது என்ன?

ஒரு கலைஞரை நேசிப்பது வேறு, அவர் பிறந்த சமூகத்தின் உரிமையை மதிப்பது வேறு. முதலாவது தானாக வரும். இரண்டாவது சட்டத்தாலும் கல்வியாலும் அயலவரோடு நாளாந்தம் பழகும் பழக்கத்தாலும்தான் வரும். ஒரு நல்ல குரல் இனப்பிரச்சினையைத் தீர்க்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது பொய்.

ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருப்பதற்காக நம் பிள்ளைகளின் வாயை ஏன் மூட வேண்டும்? பயம் நமக்கு நியாயமாக வந்தது. அதைச் சீதனம்போலப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மொழி யாருக்கும் சொந்தக் காணி அல்ல. சிங்களத்தில் பாடுவதால் ஒரு பிள்ளை தமிழை இழந்துவிடாது. தன் பெயரைச் சொல்ல முடியாமல் போனால்தான் எதையோ இழக்கிறது.

அடுத்த வாரம் அந்த அக்கா வகுப்புக்குக் கொஞ்சம் நேரத்தோடு வந்தார். மெஷினுக்கு நூல் கோத்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பிள்ளை பாடட்டும் மிஸ். ஒண்டு மட்டும் அவையிட்டச் சொல்லிவிடுங்கோ. அறிவிக்கேக்க அவளின்ர முழுப் பேரையும் சரியாச் சொல்லட்டும்."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். விழாவுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ராசம்மா என்ற பெயரை அவரும் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாராம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பாடவோ ஆடவோ எழுதவோ ஆசைப்படும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவள் எந்த மொழியில் பாடினாலும், எந்த மேடையில் நின்றாலும், உங்கள் பிள்ளையாக, தன் சொந்தப் பெயரோடு நிற்கட்டும்.